சின்ன வீட்டு விசாரணை

ஜூலை 3, வியாழன்

மேலணைக்கரை வந்து சேர்ந்தோம். திருச்சியிலிருந்து ரயில், பிறகு இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஆறு தெரியும்போதெல்லாம் "திலகம், தாமிரபரணி" என்றார். ஆறு என்னவோ நேற்றுத்தான் வெட்டினது போல.

வந்த காரணத்தை எழுதிவைக்கிறேன். என் மகள் நிறைமதி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறாள். பெயர் சைலப்பன். இவள் 'சைலு' என்று கூப்பிடுகிறாளாம். சொந்த ஊர் இது. பையனின் அப்பா பிரம்மநாயகம், இங்கே இருக்கும் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா உலகம்மாள். பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். அதற்குள் நான் சரி, இல்லை என்று ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். 'நீ வேண்டாம்னு சொன்னா நான் பண்ணிக்க மாட்டேம்மா' என்று நிறைமதி போனில் சொல்லிவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போய்க் காபி குடிச்சிட்டு வாயேன்' என்றும் சொன்னாள். ரேஷன் கடைகளை ஆய்வு செய்தே தலை நரைத்தவள் நான். தகவல் கொடுத்துவிட்டுப் போனால் எந்தக் கடையிலும் எடை குறையாது, சர்க்கரையில் ஈரம் இருக்காது. சம்பந்தம் பேசும் வீடும் அப்படித்தான். சொல்லிவிட்டுப் போனால் கேசரி கிடைக்கும், உண்மை கிடைக்காது. அதனால் இது திடீர் ஆய்வு. மகளிடம் குற்றாலம் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.

லாட்ஜில் வந்த விஷயம் கேட்டார்கள். "பழைய மில்லைப் பார்க்க வந்திருக்கோம். சரித்திரத்துல எனக்கு ஆர்வம்" என்றேன்.

"அது அரை நாள்ல பாத்துரலாமேம்மா" என்றார் மேனேஜர்.

"நான் மெதுவாப் பார்ப்பேன்" என்றேன்.

இவருக்கு மூன்று கட்டளைகள் போட்டிருக்கிறேன். யாரிடமும் வலியப் பேசக் கூடாது. திருச்சி என்று சொல்லக் கூடாது. சைலப்பன் பெயரை எடுக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இவர் ஓவிய ஆசிரியராக இருந்தவர். தலையாட்டும்போது மனசு வேறெங்கோ மரத்தையோ மேகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

படுக்கப் போகும் முன், "குறை எதுவும் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் ஏதாவது கிடைக்கும் என்றேன்.


ஜூலை 4, வெள்ளி

காலையில் இவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். நான் மில்லுக்குப் போனேன்.

மில் பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றை அணை கட்டி மறித்து, ஒரு கால்வாய் வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் விழும் வேகத்தில் சக்கரம் சுற்றி, சக்கரம் சுற்றின வேகத்தில் நூல் வந்திருக்கிறது. கரண்டு வருவதற்கு முன்னால் யாரோ ஒரு துரை செய்த யோசனை. செங்கல் கட்டடம், நெட்டைப் புகைபோக்கி, ஆள் உயர ஜன்னல்கள். பழைய பகுதியைப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். புதிய பகுதி இன்னும் ஓடுகிறது. வேளை தவறாமல் சங்கு ஊதுகிறது. ஊரே அதைக் கேட்டுத்தான் உலை வைக்கிறது.

வாட்ச்மேன் கூடவே வந்து விளக்கினார். நான் நோட்டில் 'பிரம்மநாயகம் - குடி? சீட்டு? கோபம்?' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தான் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டு, கால்வாயை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மில் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. நடத்துகிறவள் பேச்சியம்மாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட ஆள் அமைவது அதிர்ஷ்டம். பழைய தொழிலாளிகள் யாரிடமாவது பேச வேண்டும் என்று ஆரம்பித்து, பிரம்மநாயகம் என்று ஒருவர் இருக்கிறாராமே என்று கொண்டுவந்து நிறுத்தினேன்.

"யாரு, பிரம்மநாயகம் அண்ணாச்சியா? இந்நேரம் சின்ன வீட்லதான் இருப்பாவ" என்றாள்.

என் கையிலிருந்த வடை கையிலேயே நின்றது.

"எங்கே?"

"சின்ன வீட்ல. வேல இருந்தா பகல் பூரா அங்கதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பெரிய வீட்டுக்கு வந்துருவாவ."

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் பன் கேட்டார்.

முதல் நாளிலேயே கையும் களவுமாக. என் சர்வீஸிலேயே இவ்வளவு சீக்கிரம் ஒரு கேஸ் கிடைத்ததில்லை.

லாட்ஜுக்கு வந்தால் இவர் ஈரத்துண்டோடு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஆற்றில் ஒரு நல்ல மனிதர் கிடைத்தாராம். முதுகு தேய்த்துவிட்டாராம். முதல் கட்டளை காலையிலேயே காலி.

"பேரு என்ன?"

"துண்டு கட்டிட்டு நிக்கிறவர்கிட்ட பேரு எப்படிக் கேக்கிறது, திலகம்?"

சின்ன வீட்டு விவகாரத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றார். இவரிடம் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம்.


ஜூலை 5, சனி

மேல் விசாரணை. டீக்கடையில் இன்று மூன்று டீ குடித்தேன். வயிறு எரிகிறது. ஆனால் கிடைத்த தகவலுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சொன்னது சொன்னபடி எழுதுகிறேன்.

"எத்தனை வருஷமா இந்தச் சின்ன வீடு?"

"அது கல்யாணம் ஆன புதுசுல இருந்தே. பெரிய வீடு பொறவுதான வந்துச்சு."

முதலில் சின்ன வீடு, பிறகு பெரிய வீடு. வரிசையே தலைகீழ்.

"அவர் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"உலகு மைனிக்கா? நல்லாருக்கே. அவுகளும்தான் ஏழெட்டு வருசம் அங்கன கெடந்து கஷ்டப்பட்டாவ. பையன் பொறந்ததே சின்ன வீட்லதான்."

எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. என் மருமகனாக வரப்போகிறவன் பிறந்ததும் அங்கே.

"அவர் அப்பா எப்படி?"

"அவுகளுக்கும் சின்ன வீடுதான். பரம்பரையால்லா வருது."

"இதை யாரும் கேக்கிறதில்லையா?"

"யாரு கேக்கதுக்கு? மில்லுல உள்ளவுகளுக்கு எல்லாம் கம்பெனியே குடுத்ததுதான. தண்ணி ஃப்ரீ, கரண்டு ஃப்ரீ." டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இவ்வளவு எதுக்கு, நானே சின்ன வீடுதாம்மா."

நான் அவளைப் பார்த்தேன். நெற்றி நிறையக் குங்குமம், மூக்குத்தி, உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கை. ஒரு கூச்சமும் இல்லாமல் சொல்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் குழம்பிப்போய் இன்னொரு வடை வைத்தாள்.

மத்தியானம் நிறைமதி போன் செய்தாள். "குற்றாலத்துல தண்ணி விழுதாம்மா?" நன்றாக விழுகிறது என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதித் தொலைத்தது.

"அது என்னம்மா சத்தம்?"

"அருவியில வெள்ளம்டி. எல்லாரையும் ஏறி வரச் சொல்லிச் சங்கு ஊதுறாங்க."

"அப்பா எங்க?"

"குளிக்கிறார்."

பதறிவிட்டாள். அப்பாவை வெளியே இழுத்துவரச் சொல்லிக் கத்தினாள். இவரோ கட்டிலில் படுத்து ஆற்றுப்பாறை ஒன்றைப் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு வெள்ளம் வேண்டியிருக்கிறது.

போனை வைக்கும்போது, "அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சும்மா" என்றாள். மாசத்தில் இரண்டு வெள்ளி அவள் வண்டி ஏறி வீட்டுக்கு வருவாள். சனிக்கிழமை காலை கதவைத் தட்டுவாள். கல்யாணம் ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ரயில் திருநெல்வேலிக்குப் போகும். அந்த வண்டியில் டிக்கெட் கிடைப்பது கஷ்டமாம். என் கவலை அதுதான்.


ஜூலை 6, ஞாயிறு

முட்டிக்குத் தைலம் வாங்க அம்பாசமுத்திரம் போனேன். திரும்பும்போது டவுன் பஸ். மேலணைக்கரைக்குள் நுழைந்ததும் கண்டக்டர் படியில் நின்று விசில் கொடுத்துவிட்டுக் கத்தினார்:

"சின்ன வீடு! சின்ன வீட்டுக்குப் போறவுகள்லாம் முன்னால வாங்க."

பாதி பஸ் எழுந்தது. விபூதி பூசின பெரியவர் எழுந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். எழுந்தவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்களும் சின்ன வீடாம்மா?" என்றாள்.

"நான் கௌரவமான குடும்பம்" என்றேன்.

அவள் முகம் போன போக்கு சரியில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரையை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். முகப்பில் நீலப் பலகை: 'மில் சின்ன வீடுகள் நிறுத்தம்.' அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு பலகை: 'மில் பெரிய வீடுகள்.'

துரை காலத்தில் தொழிலாளிகளுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி வைத்துக் கட்டின லைன் சின்ன வீடு. மேஸ்திரி, ஃபிட்டர் என்று மேலே போனவர்களுக்கு இரண்டு அறை வைத்துக் கட்டினது பெரிய வீடு. பிற்பாடு குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டார்கள். பிரம்மநாயகம் முதலில் இதில் இருந்து பிறகு அதற்குப் போனவர். இதிலும் ஒன்று அப்பா வழியில் அவரிடம் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

பேச்சியம்மாள் கையைப் பிடித்து அழுத்தினதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இவரிடம் சொன்னேன். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நல்ல குடும்பம். சந்தோஷம்தானே?" என்றார்.

"சந்தோஷம்தான்."

ராத்திரி இட்லி இறங்கவில்லை. சட்னியில் உப்பு அதிகம்.


ஜூலை 7, திங்கள்

ஆய்வை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பேச்சியம்மாளிடம் சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டேன், பெரிய வீடு இருக்கும்போது பிரம்மநாயகம் எதற்குப் பகலெல்லாம் சின்ன வீட்டில் கிடக்கிறார் என்று.

"அங்க ரிப்பேர் வேல நடக்குல்லா. ரெண்டு மாசமா வெள்ள அடிக்காவ, தரை போடுதாவ, என்னமா செய்யுதாவ. யாரோ திருச்சிக்கார அம்மாவ அங்கன கொண்டாந்து இருத்தப் போறாவளாம்."

"திருச்சிக்கார அம்மாவா?"

"ஆமா. அண்ணாச்சிக்கு அந்த அம்மான்னா ரொம்ப மரியாத போலுக்கு. அவுகளுக்குப் புடிக்கணும், அவுகளுக்குப் புடிக்கணும்னு ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துச் செய்யுதாவ."

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். பெயர் தவறாக இருந்ததே தவிர என் மூக்கு தவறவில்லை. வீட்டுக்குப் பெயர் சின்ன வீடு, உள்ளே வரப்போவதும் சின்ன வீடு. அதுவும் எங்கள் ஊர்க்காரி. உறையூர்ப் பக்கமா, தில்லைநகர்ப் பக்கமா தெரியவில்லை. யாராக இருந்தாலும் எங்கள் ஊர் மானத்தைத் தாமிரபரணியில் கரைக்க வந்திருக்கிறாள்.

லாட்ஜுக்கு வரும் வழியில் நடை லேசாக இருந்தது. மூன்று நாளாக இருந்த முட்டி வலிகூடத் தெரியவில்லை. புதுத் தைலம் நல்ல தைலம்.


ஜூலை 8, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. ஆற்றுக்குப் போன இவர் மத்தியானம்தான் வந்தார், காதுமடலில் சுண்ணாம்போடு. ஆற்றில் ஏது சுண்ணாம்பு என்றேன். பாறை என்றார்.


ஜூலை 9, புதன்

இன்று உலகம்மாளைப் பார்த்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கையில் துணிப்பையோடு ஒல்லியாக, பெரிய பொட்டோடு ஒரு அம்மா வந்தார். பேச்சியம்மாள், "உலகு மைனி, இவுகதான் மில்லப் பாக்க வந்துருக்காவ. ஒரு வாரமா பாக்காவ" என்று அறிமுகப்படுத்தினாள். அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினது மாதிரி இருந்தது. துக்கத்தை அடக்குகிறவர்களுக்கும் முகம் அப்படித்தான் ஆகும்.

"மில்லு புடிச்சிருக்கா?" என்றார்.

"கால்வாய் நல்லா இருக்கு" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து இரண்டு துணி எடுத்தார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. "சின்ன வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கணும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க பாத்துச் சொல்லுங்க, எது நல்லாருக்கும்?"

புருஷன் கொண்டுவரப்போகிற ஒருத்திக்கு ஜன்னல் திரை தைக்கிறார் இந்த அம்மா.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டே விட்டேன்.

"எதுக்கு வருத்தம்?"

"ஒருத்தங்க வந்து... உங்க இடத்துல..."

"இடம் கெடக்கு, இருந்துட்டுப் போட்டும். தனியா ஒரு ஊர்ல உக்காந்து ஏங்கிக்கிட்டு இருக்கதுக்கு இங்க வந்து நாலு பேரோட இருக்கலாம்லா? எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு."

பேச்சுத்துணையாம். இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்காக அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"பச்சை" என்றேன். யாருக்காக இருந்தால் என்ன, அந்த நீலம் கண்ணைக் குத்தியது.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். எழுந்து போகும்போது, "முட்டி வலிக்குத் தவிட்டு ஒத்தடம் குடுங்க, கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முட்டி வலி என்று எப்படித் தெரிந்ததோ. நடையைப் பார்த்திருப்பார்.

நாளைக்கு நேரடி ஆய்வு.


ஜூலை 10, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

இவர் ஆற்றுக்குப் போனதும் கிளம்பினேன். சின்ன வீட்டு லைனில் கடைசி வீடு என்று விசாரித்துவைத்திருந்தேன். வாசலில் மணல் குவியல், மண்வெட்டி. கதவு திறந்திருந்தது. தட்டாமல் உள்ளே போனேன். ஆய்வென்றால் தட்டக் கூடாது.

உள்ளே முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏணியில் நின்று ஒருவர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். தலை, மீசை எல்லாம் சுண்ணாம்பு. ஜன்னலில் பச்சைத் திரை அதற்குள் தொங்கிற்று.

"நீங்கதான் பிரம்மநாயகமா?"

"ஆமா" என்று திரும்பினவர், என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்து அவசரமாக இறங்கி மடித்த வேட்டியைக் கீழே இறக்கிவிட்டார். "வாங்க வாங்க. இன்னும் வேல முடியல, அதுக்குள்ள வந்துட்டியளே."

"எங்கே அவங்க?"

"எவுக?"

"உங்க திருச்சிக்கார அம்மா. அவங்களை எங்க வெச்சிருக்கீங்க? ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. வீட்டுல அந்த அம்மா ஜன்னல் திரை தைச்சுக் குடுக்கிறாங்க. உங்களுக்கு மனசாட்சி இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, யார் அவங்க?"

அவர் கையில் இருந்த மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டிற்று. என்னைப் பார்த்தார். பின்கட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா திருச்சி?" என்றார்.

பின்கட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டது. நாற்பது வருஷமாகக் கேட்கும் இருமல். இவர் வந்து நின்றார். கையில் பெயின்ட் பிரஷ், தோளில் ஈரத்துண்டு.

"திலகம், பின்னாடி வந்து பாரேன்" என்றார். "வெஸ்டர்ன் வெச்சாச்சு. உன் முட்டிக்கு அதுதான் சரின்னு நான்தான் சொன்னேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது. சுவரோரம் ஒரு கட்டில் இருந்தது, உட்காரவும் எழவும் தோதான உயரம். அதில் உட்கார்ந்தேன். அதன் காலுக்குக் கீழே அந்த உயரத்துக்காகவே புதுசாக மரக்கட்டை வைத்து அறைந்திருந்தது.

பிரம்மநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பையன் சொன்னான், ஒத்தப் பொண்ணுன்னு. அம்மாவுக்கு அவ லீவுக்கு வர்றதுதான் உசுருன்னு. எங்க வீட்லயும் அப்படித்தான, அவன் வர்ற வெள்ளிக்கெழமைய எண்ணிக்கிட்டுத்தான் இருப்பா. ரெண்டு பேரும் ஒரு வாரம் அந்த ஊரு, ஒரு வாரம் இந்த ஊருன்னு அலஞ்சா, ஒவ்வொரு வாரமும் யாராது ஒருத்தர் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கணும். அதான் யோசிச்சோம். இது சும்மாத்தான கெடக்கு. நீங்களும் இங்க வந்து இருங்க. எங்க வீட்டுக்குள்ளயே இருக்கணும்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். இது உங்க வீடு. உங்க சாவி. எங்க கூடக் கோவம்னா கதவச் சாத்திக்கிடலாம்."

எனக்கு அழுகை வந்தது. வெள்ளையடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். இந்த ஒரு வாரமும் அதற்கான காரணத்தைத்தான் தேடியிருக்கிறேன். குடி, சீட்டு, சின்ன வீடு, எது கிடைத்தாலும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். பையன் நல்லவன் என்பது அவன் பெயரைக் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும், நிறைமதி முகத்தில் இருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் கதவைத் தட்ட ஆள் இருக்காது என்ற பயம்.

வாசலில் உலகம்மாள் நின்றிருந்தார், தூக்குவாளியோடு. எப்போது வந்தாரோ.

"மில்லப் பாத்து முடிச்சாச்சா மைனி?" என்றார்.

முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டார்களாம். பையன் அனுப்பின போட்டோவில் என்னைப் பார்த்திருக்கிறார்கள். 'மில்லப் பாக்க வந்துருக்கோம்னு சொல்லுதாவன்னா, நிம்மதியாப் பாத்துட்டுப் போட்டும்'னு விட்டுவிட்டார்களாம். பேச்சியம்மாளுக்கு மட்டும் தெரியாதாம். தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சொல்லவில்லையாம்.

தூக்குவாளியில் தேங்காய்ப்பால் சொதி இருந்தது. இவர் மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் இரண்டு முறை.


ஜூலை 11, வெள்ளி

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று இவரைக் கேட்டேன்.

"இரண்டாம் நாளே. முதுகு தேய்க்கும்போது, எந்த ஊருன்னு கேட்டார். திருச்சின்னேன். 'நேத்து பஸ்ஸ விட்டு எறங்கும்போதே நெனச்சேன், சம்பந்தி'ன்னார்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஆய்வு நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, "எனக்கும் அந்தப் பயம்தான் திலகம். நீ ஒரு குறை கண்டுபிடிச்சா நானும் தலையாட்டிடலாம்னுதான் முதல்ல இருந்தேன்" என்றார்.

நாற்பது வருஷத்தில் இவர் இவ்வளவு நீளமாக ஒரு உண்மை சொன்னதில்லை. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. வாங்கிக் கொடுத்தேன்.

நிறைமதிக்கு போன் செய்து சரி என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குற்றாலத்துல குளிச்சா இப்படியெல்லாம் மனசு மாறுமாம்மா?" என்றாள்.


ஜூலை 13, ஞாயிறு

வந்தார்கள். பிரம்மநாயகம் மீசையில் சுண்ணாம்பு இல்லாமல் வேறு ஆள் மாதிரி இருந்தார். சைலப்பன் காலில் விழுந்தான். நல்ல உயரம். சைலு என்று கூப்பிடலாம், தப்பில்லை. நானும் உலகு மைனியும் அடுப்படியில் பேசிய பேச்சில் கேசரி அடிப்பிடித்துவிட்டது. அவர்கள் ஊரில் அண்ணியை மைனி என்பார்கள்; அவர் முறை வைத்து என்னை அப்படிக் கூப்பிட்டார், எனக்கும் வாயில் அதுவே வந்துவிட்டது. தை மாதம் கல்யாணம்.

அவர்கள் கிளம்பின பிறகு தஞ்சாவூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். மூட்டு ஆபரேஷன் ஆகியிருப்பதால் அவரால் வர முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் அவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

"நல்லா விசாரிச்சியாம்மா? ஆளுங்க எப்படி?"

"ஒரு வாரம் தங்கி விசாரிச்சேண்ணே. தங்கமான மனுஷங்க. ஒரு ஒளிவுமறைவு கிடையாது. சம்பந்திக்கு ஒரு சின்ன வீடு இருக்கு, ஆத்தங்கரையில."

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றார். சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"அவர் சம்சாரத்துக்கும் அதுல பூரண சம்மதம். அவங்களே பார்த்துப் பார்த்துச் செஞ்சு குடுத்திருக்காங்க. இனிமே நிறைமதி அங்க போறப்பல்லாம் அந்தச் சின்ன வீட்டுல நான்தாண்ணே இருக்கப் போறேன். இவரே கூட வந்து விட்டுட்டு, அங்கேயே தங்கிக்கிறேன்னுட்டார்."

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அண்ணி போன் செய்கிறாள். எடுத்ததும் எடுக்காததுமாக, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் போனைக் கொடு என்கிறாள்.